மெட்டுக்கு இரண்டு பேர்

2013 திருச்சிச் சங்கீதக்காரர்களுக்குப் பொல்லாத ஆண்டு. ஏப்ரல் 17-ஆம் தேதி டி.கே. ராமமூர்த்தி காலமானார். ஐந்து நாள் கழித்து, 22-ஆம் தேதி, லால்குடி ஜெயராமன். ஜூலை 18-ஆம் தேதி கவிஞர் வாலி. மூவரும் கண்மூடியது சென்னையில். ஆனாலும் மூவரையும் எங்கள் ஊர்க்காரர்களாகத்தான் நாங்கள் கணக்கில் வைத்திருந்தோம். ராமமூர்த்தி மலைக்கோட்டை வயலின் குடும்பத்துப் பிள்ளை. லால்குடிக்குக் கொள்ளிடம் தாண்டினால் கொஞ்ச தூரம்தான். வாலியோ ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த ரங்கராஜன்.

அஞ்சலிக் கட்டுரைகளை ஒன்றுவிடாமல் படித்தேன். மூவரையும் தனித்தனியே மேதை என்று எழுதியிருந்தார்கள். மேதைகள்தான், சந்தேகமில்லை. என் மனதில் ஓடியது வேறு. மூவருமே ஆயுள் முழுக்க இன்னொருவரோடு உட்கார்ந்து வேலை செய்தவர்கள். ராமமூர்த்தியின் பெயரை விஸ்வநாதன் பெயரோடு சேர்த்துத்தான் ஊர் உச்சரித்தது. லால்குடி பெரிய பாடகர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்து வளர்ந்தார். வாலியின் வரி ஒருவர் மெட்டில் ஏறி இன்னொருவர் குரலில் வெளியே வந்தது. அப்படிச் சேர்ந்ததால்தான் அவர்கள் அந்த உயரத்துக்குப் போனார்கள் என்பது என் கட்சி. இதைப் பேச எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு. நானும் வாழ்நாளெல்லாம் பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டே வயலின் வாசித்தவன்.

எங்கள் வீடு ஸ்ரீரங்கம் உத்தர வீதியில். வயலின் சொல்லிக்கொண்டது வாணப்பட்டறைத் தெருவில் ஒரு வாத்தியாரிடம். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போய், மெயின்கார்டு கேட்டில் இறங்கி நடப்பேன். வாத்தியார் பையனாக இருந்தபோது மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளையை நேரில் கேட்டவர். பிள்ளை 1931-லேயே போய்விட்டார். காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையின் ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரிகளுக்கு அவர்தான் வயலின். மிருதங்கம், கஞ்சிரா, கடம், முகர்சிங், கொன்னக்கோல் என்று மேடை நிறைய லயக்காரர்கள் இருப்பார்கள். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை அதில் ஒருவர் என்றால் மற்றதை ஊகித்துக்கொள்ளலாம்.

“அத்தனை பேருக்கு நடுவுல ஒத்தை வயலின்டா. அமுங்கிப் போயிருக்கும்னுதானே நினைப்பே? அமுங்கல. ஏன்னா அவர் வாசிக்கறதைவிடக் கேக்கறது ஜாஸ்தி” என்பார் வாத்தியார்.

அவருடைய பாடமுறையே அப்படித்தான் இருந்தது. இரண்டு பையன்களை எதிரெதிரே உட்காரவைப்பார். ஒருவன் நாலைந்து ஸ்வரத்தில் ஒரு பிடி வாசிக்க வேண்டும். அவன் வில் நின்றதும் மற்றவன் அதையே வாசிக்க வேண்டும். எதிராளியின் விரலைப் பார்த்தால் திட்டு விழும். “கண்ணால திருடாதே, காதால வாங்கு.” வர்ணம் பாடமாவதற்கு முன்பே எங்களுக்கு இது பாடமாகிவிட்டது. தனியாக மணிக்கணக்கில் சாதகம் செய்த பையன்களுக்குக் கை நன்றாக ஓடியது. ஆனால் பாடகர் ஒரு ராகத்தைத் தொட்டதும் அவர் போகிற திசையைப் பிடிக்கிற காது, எதிரே ஆள் வைத்துப் படித்தவர்களுக்குத்தான் சீக்கிரம் வந்தது.

பக்கவாத்தியம் என்றால் இரண்டாமிடம் என்று நினைப்பவர்கள் உண்டு. மேடையில் உட்கார்ந்து பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும். கோயில் கச்சேரி ஒன்றில் கல்யாணியில் ஸ்வரம் போய்க்கொண்டிருந்தது. பாடகர் காந்தாரத்தில் முடித்தார். நான் பதிலுக்கு வாசித்தபோது அதே காந்தாரத்தை விட்டுவிட்டு நிஷாதத்தில் போய் நின்றேன். அவர் தலையை மெல்லத் திருப்பி ஒரு பார்வை பார்த்தார். அடுத்த ஆவர்த்தத்தை நான் நின்ற நிஷாதத்திலிருந்து எடுத்தார். அங்கிருந்து கணக்கு போன போக்கே வேறு. மிருதங்கக்காரரும் நிமிர்ந்து உட்கார்ந்தார். வீட்டில் ஒத்திகை பார்த்து வந்த ஸ்வரம் இல்லை அது. அவர் தனியாகப் பாடியிருந்தால் வந்திருக்காது. என்னாலும் தனியாக அதை யோசித்திருக்க முடியாது.

லால்குடி ஜெயராமனை நான் கேட்டதெல்லாம் இந்தக் காதோடுதான். அரியக்குடி, செம்மங்குடி, ஜி.என்.பி., மதுரை மணி என்று ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாத பாணிகளுக்கு அவர் வாசித்திருக்கிறார். ஒருவரது மத்யமகாலம், இன்னொருவரது மின்னல் பிருகா. ஒவ்வொரு மேடையிலும் அந்தந்தப் பாடகராகவே மாறித் திரும்பி வர வேண்டும். பிற்பாடு அவர் தனி வயலின் வாசித்தபோது வில்லிலிருந்து வாய்ப்பாட்டு வந்ததென்றால், அத்தனை பேருடைய மூச்சையும் பக்கத்திலிருந்து கேட்ட பலன் அது. அவரே 1966-ல் குழலுக்கு என். ரமணியையும் வீணைக்கு ஆர். வெங்கட்ராமனையும் சேர்த்துக்கொண்டு வயலின்-வேணு-வீணைக் கச்சேரியைக் கொண்டுவந்தார். கேட்பதற்குச் சுகமாக இருக்கும். வாசிப்பவர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று வாத்தியக்காரர்களுக்குத் தெரியும். குழலில் துளை போட்டது போட்டதுதான், அதன் சுருதியை அசைக்க முடியாது. மற்ற இரண்டும்தான் அதனிடம் வர வேண்டும். வில் போட்டால் நாதம் நீளும், வீணையை மீட்டினால் சிறிது நேரத்தில் தேயும், குழலுக்கு மூச்சு முடியும். மூன்று வாத்தியமும் ஒரே கமகத்தை ஒரே அளவில் அசைக்க வேண்டுமென்றால் ஒவ்வொருவரும் தம் பழக்கத்தில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

ஆலத்தூர் சகோதரர்களையும் இங்கே சொல்ல வேண்டும். சகோதரர்கள் என்று ஊரே சொன்னாலும் அவர்கள் உடன்பிறந்தவர்கள் இல்லை. சிவசுப்பிரமணிய ஐயர் ஆலத்தூர் வெங்கடேச ஐயரின் மகன், ஸ்ரீநிவாச ஐயர் அவருடைய சிஷ்யர். லயத்தில் கரைகண்ட ஜோடி. மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதியை 1964-ல் ஒருவருக்கும் 1965-ல் மற்றவருக்கும் அடுத்தடுத்துக் கொடுத்தது. ஒரு குருவின் கீழ் சேர்ந்து பாடியதே அவர்களுக்கு ரத்த உறவாகிவிட்டது.

நான் மெட்டுப் போட ஆரம்பித்தது எழுபதுகளில். அதற்குக் காரணம் பொன்மலைக்காரர் ஒருவர். ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆர்மோனியம், மற்ற நாட்களில் நாடகக்காரர்களுக்கு வாசிப்பு. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். ஒரு நாடகத்துக்கு வயலின் வாசிக்கப் போன இடத்தில் பழக்கம். சாயங்காலம் ஒர்க்ஷாப் சங்கு ஊதியபின் அவர் குவார்ட்டர்ஸ் திண்ணையில் போய் உட்காருவேன். அண்ணி டம்ளரில் காபி கொண்டுவந்து ஆர்மோனியப் பெட்டிமேல் வைத்தால் அவருக்குக் கோபம் வரும்.

உறையூர்த் தமிழாசிரியர் ஒருவர் காவிரியில் புதுத் தண்ணீர் வருவதைப் பற்றி ஒரு பாட்டு எழுதியிருந்தார். வானொலிக்கு மெல்லிசைப் பாட்டாகக் கொடுக்கலாம் என்று யோசனை. திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16-லிருந்து இயங்குகிறது. இந்த வட்டாரத்தில் பாட்டு, வாத்தியம் என்று கொஞ்சம் தெரிந்த எவரும் ஒருமுறையாவது அதன் வாசலை மிதித்திருப்பார்கள். என்னிடம் மோகனத்தில் ஒரு பல்லவி இருந்தது. வாசித்துக் காட்டினேன். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை.

“இன்னொரு தடவ வாசி தம்பி.”

வாசித்தேன். பல்லவியின் நடுவே தைவதத்தில் ஒரு நீண்ட கார்வை உண்டு. அந்த இடம் வந்ததும் அவர் ஆர்மோனியத்தில் மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தினார். மத்யமம், தைவதம், மேல் ஷட்ஜம்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “அண்ணே, மோகனத்துல மத்யமம் கிடையாதுண்ணே.”

“உன் வயலின்ல கிடையாதுப்பா. நீ அதைத் தொடவே வேண்டாம். நான் அடியில வச்சிக்கிறேன்.”

மறுபடி வாசித்தேன். என் விரல் இருந்தது அதே தைவதம்தான். ஷட்ஜத்தை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு அதை வாசித்தபோது வெயில் நேரத்துத் தெளிவு இருந்தது. மத்யமம் அடியில் வந்ததும் அது இளகிவிட்டது. தண்ணீர் வருகிற பாட்டுக்கு அந்த இளக்கம்தான் வேண்டியிருந்தது. நான் வாசித்ததில் ஒரு ஸ்வரமும் மாறவில்லை, மோகனத்துக்கும் பங்கமில்லை. ஒரு கட்டை சுருதியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் கணக்கில் அதற்குப் பெயர் எஃப் மேஜர். சர்ச் பாட்டுக்காக நாலு குரலுக்கு எழுதி எழுதி அவருக்குக் கை போகும் இடம் அது. ராகத்தின் ஆரோகண அவரோகணத்துக்குள்ளேயே வளர்ந்த எனக்கு, எத்தனை வருஷம் சாதகம் செய்தாலும் அந்த மத்யமம் கிடைத்திருக்காது.

அவருக்கும் என்னிடமிருந்து கிடைத்தது. அவர் போடும் மெட்டுகள் படிக்கட்டு ஏறுவது மாதிரி ஸ்வரத்துக்கு ஸ்வரம் தனித்தனியே நிற்கும், ஒவ்வொரு வரியும் தாளத்தின் தட்டிலேயே ஆரம்பிக்கும். சரணத்தின் எடுப்பை நான் அரை இடம் தள்ளி வைத்தேன். காந்தாரத்திலிருந்து பஞ்சமத்துக்குத் தாண்டாமல் இழுத்துக்கொண்டு போனேன். “இது என்னடா, பாட்டு நடக்க ஆரம்பிச்சிடுச்சு” என்று அவர் தொடையில் தட்டினார். மூன்றாவது ஆளான தமிழாசிரியரும் சும்மா இருக்கவில்லை. அந்தத் தைவதக் கார்வை ‘மழை’ என்ற சொல்லின் முதலெழுத்தில் விழுந்தது. குறிலை அவ்வளவு நேரம் நீட்டினால் காதுக்கு உறுத்தும். அவர் யோசித்ததாகவே தெரியவில்லை, “மாரின்னு வச்சுக்குங்க” என்றார். அதன்பின் பாட வந்த பெண், மேல் ஸ்தாயியில் நான் வைத்திருந்த ஒரு சங்கதியைப் பாடிப் பார்த்துவிட்டு, “சார், ஐந்து கட்டையில இது கத்தற மாதிரி இருக்கு, பஞ்சமத்தோட திரும்பிடவா?” என்று கேட்டாள். திரும்பியது நன்றாக இருந்தது. பாட்டு ஒலிபரப்பானபோது அதில் எந்த இடம் யாருடையது என்று எங்களாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பிரிக்கும் ஆசை மட்டும் ரசிகர்களுக்கு எப்போதும் உண்டு. விஸ்வநாதன்-ராமமூர்த்தி பாட்டுகளை வைத்துக்கொண்டு தெப்பக்குளம் டீக்கடையில் நடக்காத வழக்கா? இந்த வயலின் பகுதி ராமமூர்த்தி, அந்த ஆர்மோனிய ஓட்டம் விஸ்வநாதன் என்று தீர்ப்புச் சொல்வார்கள். திருச்சிக்காரர்களுக்கு ராமமூர்த்தி பக்கம் ஒரு சாய்வும் இருந்தது. கோவிந்தசாமிப் பிள்ளையின் பேரன் ஆயிற்றே. நான் அந்த வழக்கில் சேர்வதில்லை. இருவரும் சி.ஆர். சுப்பராமன் குழுவில் இருந்தவர்கள். 1952-ல் சுப்பராமன் இளம் வயதில் இறந்துபோக, பாதியில் நின்ற அவருடைய படங்களை இருவருமாக முடித்துக்கொடுத்தார்கள். இந்தியில் சங்கர்-ஜெய்கிஷன் இருப்பதுபோல் நீங்கள் இருவரும் ஜோடியாக இருங்கள் என்று யோசனை சொன்னவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். அவருடைய ‘பணம்’தான் இந்த ஜோடியின் முதல் படம். ராமமூர்த்தி ஆறு வயது மூத்தவர், இருந்தும் அவர் பெயர் இரண்டாவதாக வந்தது.

1964-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் ‘கர்ணன்’, வடக்கத்தி ராகங்களும் ஷெனாயும் கலந்த ராஜசபை. அடுத்த மாதமே ‘காதலிக்க நேரமில்லை’, கிதாரும் துள்ளலுமாகக் கல்லூரிப் பிள்ளைகளின் உலகம். செப்டம்பரில் ‘புதிய பறவை’, ஒரு மனிதனின் மனக்கலக்கத்தைப் பெரிய வாத்தியக்குழுவே சேர்ந்து சொல்லும் இசை. மூன்றும் ஒரே வருஷம், ஒரே ஜோடி. பரம்பரை வில்லோடு வந்தவரும், ஆர்மோனியத்தில் விரல் வைத்த நேரத்தில் மெட்டு பொங்கியவரும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்காவிட்டால் அத்தனை அகலம் எங்கிருந்து வந்திருக்கும்? 1965-ல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தோடு பிரிந்தார்கள். பிறகு விஸ்வநாதன் பல ஆண்டு கொடிகட்டிப் பறந்தார். ராமமூர்த்தி தனியாக ‘நான்’, ‘தங்கச் சுரங்கம்’ போன்ற படங்களுக்கு நல்ல இசை தந்தார். இருவர் தனித்தனியே செய்ததிலும் நான் உருகிய பாட்டுகள் உண்டு. ஆனாலும் அந்தப் பதின்மூன்று வருஷத்துச் சத்து தனி. முப்பது வருஷம் கழித்து 1995-ல் ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்துக்கு மீண்டும் சேர்ந்தார்கள் என்று படித்த அன்று பொன்மலைக்கு சைக்கிளை மிதித்துப்போய் அண்ணனிடம் சொன்னேன்.

பெயர் வரிசையும் பணமும்தான் இந்த மாதிரி உறவுகளைக் கெடுப்பவை. நாங்கள் அதை முதலிலேயே பேசிக்கொண்டோம். ஒரு பாட்டுக்கு அவர் பெயர் முன்னால், அடுத்ததற்கு என் பெயர். வந்த பணம் சரிபாதி, அன்றைக்கே. ஒரு குழுவில் நாங்கள் போட்ட மெட்டு ஒன்றை வேறொருவர் பெயரில் மேடையேற்றினார்கள். தனியாக இருந்திருந்தால் நான் அன்றோடு மெட்டுப் போடுவதை விட்டிருப்பேன். அண்ணன், “போவட்டும், அடுத்ததை எடு” என்று பெட்டியைத் திறந்துவிட்டார். கூட ஒருவர் இருந்தால் தெம்பும் கூடவே இருக்கிறது.

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவனுக்கு இதெல்லாம் புதிதாகத் தோன்றியிருக்கக் கூடாது. நாலாயிரத்துக்கு இசை வகுத்ததையே நாதமுனிகள் தம் மருமகன்கள் இருவரைச் சேர்த்துக்கொண்டு செய்ததாகத்தான் சம்பிரதாயம் சொல்கிறது. எங்கள் தீவில் வந்து குடியேறிய ஷேக் சின்ன மௌலானா சாகிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஆந்திரத்தில் பிறந்தவர், தஞ்சாவூர் பாணியை நாச்சியார்கோவில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் தேடிவந்து கற்றவர். பிற்காலத்தில் பேரன்கள் காசிமும் பாபுவும் அவருடன் வாசித்தார்கள். இரட்டை நாகஸ்வரத்தைப் பக்கத்திலிருந்து கேட்டால் ஒன்று தெரியும். ஒருவர் சீவாளியிலிருந்து உதட்டை எடுத்து மூச்சு வாங்கும் கணத்தில் மற்றவர் அந்த ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார். பிறகு இவர் முறை. ஒரு மனிதனின் நுரையீரலால் முடியாத நீளத்துக்கு ராகம் அறுபடாமல் போகும். பெரியவரின் நீண்ட பிடியைப் பக்கத்தில் வாங்கி வாங்கித்தான் சின்னவருக்கும் மூச்சு வளர்கிறது.

சேர்ந்து வேலை செய்ய ஒரே திண்ணைதான் வேண்டும் என்பதுமில்லை. வாலி ஸ்ரீரங்கத்தில் இருந்தபோது எழுதிய ‘கற்பனை என்றாலும்’ என்ற முருகன் பாட்டை ஓர் அஞ்சல் அட்டையில் டி.எம். சௌந்தரராஜனுக்கு அனுப்பினார். டி.எம்.எஸ். அதற்குத் தாமே மெட்டமைத்துப் பாடினார். அட்டைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு அதைப் படித்ததும் பாடத் தோன்றியது. சென்னையில் யாரென்று தெரியாத ஓர் இளைஞனுக்கு ஒரு குரல் கிடைத்தது. 1963-ல் ‘கற்பகம்’ வந்தபோது வாலியின் வரிகளும் விஸ்வநாதன்-ராமமூர்த்தி மெட்டுகளும் சேர்ந்தன. ஸ்ரீரங்கமும் மலைக்கோட்டையும் கோடம்பாக்கத்தில் சந்தித்தன என்று எங்கள் வீதியில் பெருமை பேசிக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது.

அண்ணன் ஓய்வுபெற்றுப் பிள்ளையோடு கோயம்புத்தூர் போனபின் எங்கள் திண்ணையும் தபாலுக்கு மாறியது. அவர் கேசட்டில் ஆர்மோனியம் வாசித்து அனுப்புவார். நான் அதை ஒரு டேப்பில் ஓடவிட்டு, கூடவே வயலின் வாசித்து இன்னொரு டேப்பில் பதிந்து திருப்பி அனுப்புவேன். உறையில், “இரண்டாம் வரி வேண்டாம்” என்று ஒரு சீட்டு இருக்கும். இப்போது அவர் பேரன் செல்போனில் குரலைப் பிடித்து அனுப்புகிறான். அண்ணனுக்கு எண்பது தாண்டிவிட்டது, குரல் நடுங்குகிறது, சுருதி நகரவில்லை.

போன மாதம் அனுப்பியது ஆபோகியில் ஒரு தாலாட்டு. ஆபோகியில் பஞ்சமமும் நிஷாதமும் இல்லை. அவர் வழக்கம்போல் அடியில் ஒரு பஞ்சமத்தை வைத்திருக்கிறார். பிள்ளை தூங்குவதற்கு அது ஆகாது என்பது என் எண்ணம். அது இல்லாவிட்டால் பிள்ளை விழித்துக்கொண்டே இருக்கும் என்கிறார் அவர். ஃபோனில் பேசித் தீரவில்லை. மருமகள் சம்மதித்துவிட்டாள், வருகிற சனிக்கிழமை ஜன சதாப்தியில் வருகிறார். ஆர்மோனியத்துக்குத் துருத்தித் துணி மாற்றக் கொடுத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை வாங்கிவர வேண்டும்.